அறை ஒலி

கோப்பை வென்ற அணியின் கதை, எட்டுப் பகுதிகள்.
அட்ரியாட்டிக் கரையில்
பத்து மாதம் மைக் பிடித்தேன்.
பூரா காற்று கிளம்பிவிட்டால்
அன்றைய ஒலி அத்தனையும் குப்பை.

எல்லோரும் போன பிறகு
ஒவ்வோர் அறையிலும் அரை நிமிடம்
வெறுமனே பதிவு செய்வேன்.
குளிர்பெட்டியின் முனகல், மூடாத ஷவரின் சொட்டு,
சுவருக்குள் எங்கோ ஓடும் குழாய்.
வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும்.
"ஒன்றுமில்லாததுக்குச் சம்பளம் வாங்குகிறான்" என்பாள்
சீருடை துவைக்கும் யாட்ராங்கா.

இறுதி ஆட்டத்துக்கு முன்
சட்டைக்குள் மைக் இருப்பதை மறந்து
கேப்டன் வுகாசோவிச் கழிப்பறைக்குள் போனான்.
கேமராவுக்குக் கிடைத்தது மூடிய கதவு.
எனக்கு,
வாந்தி. தண்ணீர். பிறகு அவன் எண்ணத் தொடங்கினான்.
இருபத்தாறில் தடுமாறினான்.
மறுபடி ஒன்றிலிருந்து.
மறுபடி இருபத்தாறு.

"உள்ளே என்ன கேட்டது?" என்றாள் இயக்குநர் ஸ்ரிங்கா.
மைக் பழுது என்றேன்.
எட்டு வருடத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய்.

ஏழாம் பகுதியில் வருகிறது
இருபத்திரண்டு விநாடி மூடிய கதவு.
என்ன நிதானம், பாறை மாதிரி மனிதன்
என்று எழுதினார்கள்.
அவர்கள் கேட்டது
பிப்ரவரி மாதத்துக் குளிர்பெட்டியை.

வெற்றி இரவில் அவனே வந்து
மைக்கை என் உள்ளங்கையில் வைத்தான்.
ஈரமாக இருந்தது. ஷாம்பெயினாகவும் இருக்கலாம்.
எதுவும் கேட்கவில்லை அவன்.

மீன் சந்தையில் சில்லறை எண்ணும்போது
இருபத்தைந்து வரை வந்துவிடுகிறேன்.
மீன்காரன் கை நீட்டியபடி
நிற்கிறான்.