இரண்டு பிளைமவுத், ஒரு பம்பு

ஐம்பத்தைந்து மாடல்.
கப்பலில் வந்து இறங்கியபோது
செங்கோட்டையும் புனலூரும் ஒரே மாநிலம்.
வண்டிக்கு ஒரு வயது திகைந்ததும்
கோட்டைவாசலில் கோடு விழுந்தது.
இந்தப் பக்கம் என்னுடையது.
அந்தப் பக்கம் ஈப்பனுடையது.

இரண்டுக்கும் சேர்த்து
உயிருள்ள பெட்ரோல் பம்பு ஒன்று.

என் பம்புக்குக் காது உடைந்து மூன்று வருஷம்.
‘எலெக்ட்ரிக் பம்பு மாட்டிவிடவா அண்ணாச்சி,
எண்ணூறு ரூபாய்’ என்பான் தென்காசி மைதீன்பிச்சை.
ஓடும்.
பிளைமவுத்தாக ஓடாது.
இதை நான் தமிழிலும் ஈப்பன் மலையாளத்திலும்
தனித்தனியே சொல்லியிருக்கிறோம்.
அது ஒன்றில்தான் எங்களுக்கு ஒத்துப்போகும்.
பம்பரை நான் தேங்காயெண்ணெயில் துடைப்பது
அவனுக்கு அசிங்கம்.
அவன் சீட்டுக்குப் புலித்தோல் ரெக்சின் போட்டதை
நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பம்பு காலண்டர் பார்த்துப் பயணம் போகும்.
ஆடியில் என் பக்கம் கல்யாணம் கிடையாது.
நோன்பு ஐம்பது நாள் அவன் பள்ளியில் கிடையாது.
பிஸ்கட் டின்னில் படுத்து
பதிமூன்று கண் பாலம் தாண்டி
ரயிலில் மலையேறி வரும்.
மூடியில் அவன் எழுதுவதைப்
புளியரை டீக்கடை ஸ்ரீதரன்தான் வாசித்துச் சொல்வான்:
‘போல்ட்டு ரெண்டு வச்சிருக்கு.
ரெண்டும் திரும்பி வரணும்.’

இப்போது பெட்ரோலில் சாராயம் கலக்கிறார்கள்.
எழுபது வயதில் புதிதாய்க் குடிக்கப் பழகினால்
என்ன ஆகும்?
உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு
ஊறி, உப்பி,
மார்கழிக் கடைசியில் கிழிந்தது.
தையில் ஒரே ஞாயிறு
இருவருக்கும் கல்யாணம்.
அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

ஈப்பனுக்கு ஏழு ஏக்கர் ரப்பர் தோட்டம்.
அதில் ஒரு இஞ்சுகூடப் பெட்ரோலுக்குத் தாங்காது.
மைதீன்பிச்சை என் பம்பின் காதைப் பற்றவைக்க,
அதையும் டின்னில் போட்டு அனுப்பினேன்.

எட்டாம் நாள் வந்தது.
திறந்து பார்த்தேன்.
ஏதோ ஒரு பிரஸ்ஸில் கழித்த உருளைத் துணியில்
வட்டமாய் வெட்டிய சவ்வு.
விளிம்பில் மை போகாமல்
தலைகீழாய் நாலு மலையாள எழுத்து.
‘மரண அறிவிப்பாட்டம் இருக்கு’ என்றான் ஸ்ரீதரன்.
பிறகு மூடியை வாசித்தான்:
‘ரெண்டு வெட்டினேன். ஒண்ணு கொஞ்சம் கோணல்.
எது யாருக்குப் போச்சுன்னு மறந்துபோச்சு.’

மறந்ததாம்.
பிளக் இடைவெளியை மூன்று தரம் அளக்கிறவன்.
இரண்டே இரண்டு போல்ட்டுக்குக் கணக்குக் கேட்கிறவன்.

ஞாயிறு அதிகாலை
தென்மலை மாப்பிள்ளையை அழைத்துவரப் புறப்பட்டேன்.
வழக்கம்போல் ஈரத்துண்டு ஒன்றைப்
பம்பின் தலையில் சுற்றினேன்,
காய்ச்சல்காரனுக்குச் சுற்றுவதுபோல்.
எஸ் வளைவில் முன்னே ஒரு ஜல்லி லாரி.
இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே
இருமலுக்காகக் காத்திருந்தேன்.
இருமவில்லை.
ஆரியங்காவில் இருமவில்லை.
திரும்பும்போது ஆறு பேர், ஒரு சீர்த்தட்டு,
இரண்டு தூக்குவாளி பாயசம்.
அப்போதும் இல்லை.

‘வண்டி வெண்ணெயாட்டம் போகுது,
உங்க முகம் ஏன் சேட்டா இப்படி?’ என்றாள்
மாப்பிள்ளையின் தங்கை.

பத்தனாபுரம் பள்ளிவாசலில்
புலித்தோல் சீட்டில் ஒரு மணப்பெண்
வியர்த்துக்கொண்டிருப்பாளோ.
பானெட்டைத் திறந்து
சட்டைக்கையை மடித்துக்கொண்டு அவன்.

கோட்டைவாசலில் பையில் போன் அதிர்ந்தது.
ஈப்பன்.
நிறுத்தினால் இஞ்சின் சூடாகும் என்று
யாரும் கேட்காமலே சொன்னேன்.
இறக்கம் தொடங்கியது.
டாஷ்போர்டில் பெட்ரோல் முள்
காலி, காலி என்றது.
பத்து வருஷமாய்
அது அப்படித்தான் சொல்கிறது.