நாற்பது உறைகள்

ஐப்பசி மழை நின்ற மறுவாரம்
முத்தூருக்குத் தெற்கே நாலு ஏக்கர் கொறங்காட்டில்
கிளுவை வேலியைச் சுற்றி வந்து இலை கிள்ளினேன்.
நாற்பது இடம், நாற்பது உறை,
ஒவ்வொன்றிலும் ஈரம் குடிக்கும் மணிகள்.
காட்டுக்காரர் சென்னியப்பன் பட்டியைத் திறந்தபடி கேட்டார்:
"ஏனுங், ஆடுக தின்ன மிச்சத்துக்கு நெம்பர் போடறீங்களா?"

கோவை ஆய்வகத்தில்
நாற்பது பள்ளத்துக்கும் பட்டைகள் ஒரே படியில் நின்றன.
உறை மாறிப்போச்சு என்று எண்ணி
இரண்டு இரவு திரும்ப ஓட்டினேன்.
அதே படி.
யாரோ ஒரு கிளுவையில் போத்து வெட்டி
முழத்துக்கு ஒன்றாய் ஊன்றிப் போயிருக்கிறார்கள்.
நாற்பது என்று நான் எழுதியது
ஒன்று.

வெள்வேலாமரத்துக்கு வேறு கணக்கு.
நெற்று உதிரும், ஆடு தின்னும்,
வயிற்றில் ஊறிய விதை வேறொரு காட்டில் விழும்.
வாய்க்காலுக்கு இக்கரை இளமரமும் அக்கரை இளமரமும்
கூப்பிடு தூரம்தான்,
சொந்தம் விட்டுப்போயிருக்கிறது.
அக்கரையில் மஞ்சள் வந்தது, ஆடு போனது.
கன்னிவாடியில் நிற்கும் ஒன்றோ
முப்பது கிலோமீட்டர் தாண்டி முத்தூருக்குப் பங்காளி.
வரைபடத்தில் அளவுகோல் வைத்தேன், பொருந்தவில்லை.
வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும் டெம்போக்களின் தடத்தை வைத்தேன்,
புள்ளிகள் கோட்டருகே வந்து உட்கார்ந்தன.
எல்லாம் இல்லை.
ஏழு இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

மயில்ரங்கம் பக்கம் ஒரு காட்டில் மூன்றே மரம்.
வேறெங்கும் கிடைக்காத ஒரு மரபணு வடிவம்
அதில் ஒன்றிடம் மட்டும்.
மார்கழியில் போனபோது அடிமரம் இருந்தது.
காற்றாலைக்குத் தடம் போட்டார்களாம்.
வறட்சிக்குத் தோற்றதில்லை அது, பூச்சிக்கும் தோற்றதில்லை.
ஏலச்சீட்டுக் குடத்தில்
கைக்கு அகப்படாமல் அடியில் கிடந்த சீட்டு.
உறை எண் நூற்றுப்பதினேழு: காய்ந்த மூன்று ஈர்க்கு.

சென்னியப்பனிடம் முடிவைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் வேலியையே பார்த்தார்.
"அப்ப நானு இத்தன வருசமா
ஒரே செடிக்குள்ளயா குடியிருக்கறனுங்?"
படலைச் சாத்திவிட்டு ஆடுகளை எண்ணப் போனார்.

தென்மூலையில் வேலி இற்ற இடத்தில்
எந்தக் காட்டில் வெட்டியதோ, புதுப்போத்து இரண்டு.
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
அதை அடித்து, இரண்டு என்று எழுதி,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
குனிந்து
இலை கிள்ளினேன்.