மைனஸ் ஒன்றே முக்கால்

வேனில் பதினான்கு இருக்கை.
பட்டியலில் பதினாறு பெயர்.
நஸ்ரீனை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.
இன்னொருவர் யார் அதிகம் என்பதை
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாரிமுனைச் சந்தில்
லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
சென்னையின் பாதிக் கண்ணுக்கு
நாமதான் கண்ணாடி தேய்க்கிறோம் என்பார் எபினேசர்.
பாதி என்பது அதிகம்.
ஆனாலும் மாதவரத்திலோ மடிப்பாக்கத்திலோ
யாரோ ஒருவர் மூக்கின் மேல்
எங்கள் ஒரு நாள் முதுகுவலி உட்கார்ந்திருக்கிறது.

காவலூர் மலைக்குப் போய் வானம் பார்க்கலாம் என்று
முதலில் சொன்னது யார்?
தேதி குறிக்க ஆரம்பித்ததும்
யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
சனிக்கிழமை வேண்டும்.
அமாவாசை பக்கத்தில் வேண்டும்.
பொங்கல் கழிந்திருக்க வேண்டும்,
நோன்பு தொடங்கியிருக்கக் கூடாது.
தினசரி காலண்டரைக் கிழிக்காமல் புரட்டிப் புரட்டி
ஒரே ஒரு தாள் மிஞ்சியது.
அன்றைக்குத்தான் சேட்டுக்கு ஸ்டாக் எடுக்கணுமாம்.

"அங்க பெரிய கண்ணாடி தொண்ணூத்தி மூணு அங்குலமாம்"
என்று ரிஸ்வான் வாசித்தபோது
மெஷினை நிறுத்தாமலே எல்லோரும் நின்றார்கள்.
யார் தேய்ச்சது?
எத்தனை மாசம்?
ஸ்க்ராட்ச் விழுந்தா யார் சம்பளத்தில் பிடிப்பாங்க?
"அது மூலவர். எட்ட நின்னு கும்பிடணும்,
நமக்குக் காட்டறது உற்சவர்தான், சின்னது"
என்றாள் ஹேமாவதி, டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே.

வேன்காரர் போனில் கேட்டார்,
அப்படி என்னம்மா இருக்கு அங்க?
நட்சத்திரம் என்றேன்.
நாம பாக்கற வெளிச்சம்
கிளம்பி நூறு வருசம் ஆகியிருக்கும் என்றேன்.
அப்ப அவசரமில்ல,
ஆம்பூர்ல நிறுத்தி சாப்பிட்டே போலாம் என்றார்.

கொண்டைஊசி வளைவுக்கு எலுமிச்சம்பழம்,
குளிருக்குச் சால்வை,
செல்போன் வெளிச்சம் கூடாது,
எல்லாம் சொல்லி முடித்துப் பட்டியலை மடிக்கும்போது
புஷ்பராஜ் கேட்டான்:
"அந்த மெஷின்ல பார்த்தா
பஞ்சு இன்னும் பெருசா தெரியுமா?"

என்ன பஞ்சு?

"நட்சத்திரம்தான்.
பிச்சுப்போட்ட பஞ்சு மாதிரி இருக்குமே."

வயது முப்பத்திரண்டு.
பதினோரு வருடமாகத் தேய்க்கிறான்.
முடி அகலக் கீறலையும் விரல் நகத்தால் கண்டுபிடிப்பான்.
பஸ் நம்பரை எப்போதும்
பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவான்.
அது அவன் சுபாவம் என்று இருந்துவிட்டோம்.

யாரும் சிரிக்கவில்லை.
ஹேமாவதி மட்டும் "அடப்பாவி" என்றாள்,
அது எங்களைச் சொன்னதாகவும் இருக்கலாம்.
கீழே கடையில் பத்து நிமிடம்.
இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றே முக்கால்.
எபினேசர் தானே உட்கார்ந்து தேய்த்தார்,
பில் போடவேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.
"இதர செலவு" என்று எழுதினேன்.

வியாழக்கிழமை மாட்டிப் பார்த்தான்.
ஜன்னல் வழியே எதிர்மாடியின் ஈரத்துணி,
துணியில் கிளிப்பு,
கிளிப்பின் மேல் ஒரு காக்கை,
அதற்கப்பால் ஹைகோர்ட்டின் சிவப்பு.
ரொம்ப நேரம் பேசாமல் நின்றான்.
பிறகு கழற்றித் துடைத்து
டப்பாவில் வைத்து மூடினான்.

"மலைக்குப் போய் போட்டுக்கறேன்.
அதுவரைக்கும் பஞ்சு இருக்கட்டும்."

சனிக்கிழமை மேகம் இருக்குமென்று
ரேடியோவில் சொல்கிறார்கள்.
வேன் முன்பணம் மூவாயிரம், திரும்ப வராது.
பதினைந்தாவது பெயரை
நான் இன்னும் அடிக்கவில்லை.
அது என்னுடையது.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டால்
உட்கார்ந்துகொள்வேன் என்று
வேன்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.