மானி வாசிப்பாளர்

நியமனக் கடிதத்தில் என் பதவி
மானி வாசிப்பாளர்.
சுவரில் தொங்கும் கண்ணாடிக்குள்
ஐந்து இலக்கம் வாசித்து,
துண்டெழுதிக் கதவிடுக்கில் செருகிப் போவேன்.
மிச்ச வாசிப்புக்குச் சம்பளம் இல்லை.

ஐப்பசி பிறந்தால்
திருகோணமலையில் எனக்கு நேரம் கிடைத்துவிடும்.
கடல் பக்கம் கறுக்கும்.
ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் சைக்கிளை உருட்டுகையில்
பாதி வழியில் மழை,
கேட்காமல் கொள்ளாமல்.
ஏதோவொரு போர்ட்டிக்கோவில் ஒதுங்குவேன்.
பொலித்தீன் பைக்குள் பில் புத்தகம்,
அதற்கடியில் மற்றப் புத்தகம்.

மற்றப் புத்தகம் ஒன்றென்றால் பரவாயில்லை.
உப்புவெளிப் பக்கம் போகும் நாளில்
ஒரு கொலைக்கதை.
நாய்கள் கூடிய ஒழுங்கைகளுக்கு அது பொருந்தும்.
மூன்று வாரமாக அந்தப் பிரேதம்
கிணற்றடியிலேயே கிடக்கிறது, என்னால்.
மனையாவெளியில் திமிங்கிலங்கள்.
அதன் நாக்கு மட்டும் ஒரு யானைப் பாரம்
என்று படித்து நிமிர்ந்தால்
மதிலுக்கு அப்பால் அதே கடல்,
ஒன்றும் தெரியாததுபோல.

பிறகு றெஜினா மிஸ்.
மாதமொருமுறை மானிப் பெட்டிக்கு மேல்
எனக்கென்று ஏதாவது வைத்திருப்பார்:
கேக் செய்முறை, தேனீ வளர்ப்பு,
போன மாதம்
பழைய தொலைபேசி விபரக்கொத்து.
"உமக்குத்தான் எல்லாம் இறங்குமே."

இறங்கியது.
அரிசி அவியும் நேரமெல்லாம் அதைத்தான் வாசித்தேன்.
பெயர், முதலெழுத்து, வீதி, நான்கு இலக்கம்.
எனக்கு அந்த வாசல்கள் தெரியும்.
எந்தப் படலையில் இப்போது வேறு பெயர்,
எந்த வீட்டுச் சில்லு
ஆண்டுக்கணக்காய் அசையவில்லை,
எங்கே மதில் மட்டும் மிச்சம்.
வ வரிசைக்கு வருமுன்
சோறு குழைந்துபோனது.

படுக்கையில் பழம்பாட்டு, இரவுக்கு நான்கு வரி.
உரை இல்லாமல் நான் கரை சேரமாட்டேன்.
அப்படியொரு இரவில் அகப்பட்டது
'கூதிர்'.
பூமிசாத்திரப் பாடத்தில்
இலையுதிர்காலம் என்று மனனம் பண்ணி,
எந்த மரத்தில், எப்போது என்று
பள்ளிக்கூட வாதுமையை அண்ணாந்து பார்த்தவள் நான்.
அது நினைத்த நேரம் சிவந்து
நினைத்த நேரம் கொட்டும்.
இதோ, ஐப்பசி கார்த்திகைக்கு
வீட்டுப் பெயரொன்று இருந்திருக்கிறது.
கூதிர்.
சொல்லிப் பார்க்கையில் கால் விரல் குளிர்கிறது.

இந்தக் கூதிருக்காவது ஒழுங்காயிருப்போம் என்று
பட்டியல் போட்டேன்.
பதினாறு தலைப்பு.
எதை எதற்குள் முடிப்பது, சிவப்பு மையில் கெடு.
நூலகத்துக்குத் திருப்ப வேண்டியவை தனியாக.
பஸ் நிலையத்தடியில் பிளேன்ரீக்கு நின்றபோது
சைக்கிள் கூடைக்குள் தலையை விட்டது
ஒரு புள்ளிமான்.
மானி பார்ப்பவளை மான் பார்த்தது,
பார்த்தபடியே மென்றது,
ஆறுதலாக, ஓரம் ஓரமாக,
கெடுக்களையும் சேர்த்து.
தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே
நிஃமத்துல்லா நானா சொன்னார்:
"தங்கச்சி, அது உங்களவிடக் கெதியா முடிச்சிட்டு."

எழுதியதில் ஒன்பதுதான் ஞாபகம் வருகிறது.
மற்ற ஏழும் இப்போது
கோட்டை வாசலில் எங்கேயோ படுத்து
அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

நேற்றிரவு கரண்ட் இல்லை.
நகரத்தின் அத்தனை மானிகளும் நின்றிருக்கும்.
மெழுகுதிரி கொளுத்தி
கிணற்றடிக்குப் போனேன் கடைசியில்.
யாரென்று கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது.
முடிவு அத்தியாயம்
ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது.
பிரித்தால் கிழியும்.
தை வெயில் வரட்டும்.
பிரேதமும் பொறுத்துக்கொள்ளும்,
அதுவரைக்கும் திமிங்கிலம் இருக்கிறது,
இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில்
மூச்சு விட
மேலே வந்துகொண்டிருக்கிறது.