பதினோராவது பத்தி

மணிலாக்காரர் பிஸ்கட் டின்னோடு வந்தார்.
சிட்னிக்காரர் திரையில் வெறும் தலையாக.
இருவருக்கும் பிடித்த சொல் ஒன்றுதான்: சுருக்கம்.
நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள்,
அறுபத்தொன்பது பேர்தான் போனில் இருக்கிறார்கள்.
மீதி முப்பத்தொன்று எங்கே போகிறது,
தெரியுமா மேடம்?

தெரியும்.
இலோயிலோவில், இந்த நாலாவது மாடியில்,
ஒஹாயோவின் பிரிட்ஜுகள் பழுதாகும் நேரத்துக்கு
நூற்றுப் பன்னிரண்டு பேரின் தூக்கத்தைப்
பங்கு வைப்பவள் நான்.
மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி.
ஷிப்டு போடுகிறவளுக்கு மாடி முழுக்க.

என் எக்செல் தாளில் பத்துப் பத்திகள்
எல்லோருக்கும் தெரிந்தவை.
பதினொன்றை மறைத்து வைத்திருந்தேன்.

லொரெலி: திங்கள் விடியல் வேண்டாம். மகனுக்கு டயாலிசிஸ்.
வில்மார்: கிமாராஸிலிருந்து படகில் வருகிறான். காற்றடித்தால் கேட்காதே.
டெக்லா, ஜூன்-ரே: பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம்.
அதை அடித்துவிட்டு: வேண்டும்.
அதையும் அடித்துவிட்டு: இருவருக்கும் மே மாதம் ஒரு வாரம் லீவு, தேவாலயம் பார்த்தாயிற்று.
நெனிதா: யாராவது அழுத காலுக்குப் பிறகு ஆறு நிமிடம்.
அவளாகக் கேட்க மாட்டாள்.

மணிலாக்காரர் மாதிரித் தரவைத் திறந்தார்.
ஏட்டுச் சுரைக்காய்.
இருபது ஊழியர்கள், ஒருவருக்கும்
வயிற்றுவலி இல்லை, வீடு இல்லை,
பச்சைக் கோட்டை விட்டு யாரும் இறங்கவில்லை.
ஆறு நிமிடத்தை எங்கே போடுவது என்றேன்.
காரணக் குறியீடுகள் பன்னிரண்டு உண்டு என்றார்.
படித்தேன். பயிற்சி. கூட்டம். கழிப்பறை.
கடைசியில்: இதர.
நெனிதாவின் தொண்டை இதர.
ஒரு பையனின் சிறுநீரகம்
இதர.

எங்களுடையது தானே கற்றுக்கொள்ளும் என்றது சிட்னித் தலை.
எதிலிருந்து?
உங்கள் பழைய தாளிலிருந்து.
பத்துப் பத்திகளை மட்டும் அனுப்பினேன்.
ஒரே இரவில் கற்றுக்கொண்டது:
திங்கட்கிழமைகளில் லொரெலி நம்பத்தகாதவள்.

கெர்லி துபாஸ் மூன்றாவதாக வந்தாள்,
கையில் நனைந்த குடை.
பாதி விளக்கத்தில் அவளுடைய மென்பொருள்
அப்படியே உறைந்து நின்றது.
சரியாகட்டும் என்று கீழே போய்
ஆளுக்கொரு கிண்ணம் பாட்சோய் வாங்கினோம்.
போன் எடுத்ததுண்டா நீ?
நாலு வருடம். பகோலோடில். கிரெடிட் கார்டு பாக்கி.
ஆறு நிமிடம், என்று ஆரம்பித்தேன்.
எனக்குப் பத்து தேவைப்பட்டது, என்றாள்,
நூடுல்ஸை ஊதிக்கொண்டே.
அப்புறம் சொன்னாள்:
அதற்கு எங்களிடம் வசதி இல்லை.
ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு குறிப்புப் பெட்டி இருக்கிறது,
இருநூறு எழுத்து கொள்ளும்.
இதுவரை எந்த மேலாளரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

மூன்று பக்கப் பரிந்துரை எழுதினேன்.
விலை, பராமரிப்பு, சம்பளக் கணக்கோடு இணைப்பு.
எல்லாம் உண்மை,
ஒன்றும் காரணமில்லை.

ஜூலையில் மாறினோம்.
மூன்றாம் நாள் புயல் கொடி ஏற்றினார்கள்.
இரவு ஒன்பதுக்கு வில்மாரின் சதுரம் சிவந்தது.
வராததற்குக் காரணம்?
கடல், என்று தட்டினேன்.
செல்லாத குறியீடு.
கடல்.
செல்லாத குறியீடு.
இதர என்று கொடுத்துவிட்டு
குறிப்புப் பெட்டியைத் திறந்து
உள்ளே கடலை வைத்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றேழு எழுத்து இன்னும் மிச்சம் என்றது.

மூன்று மணிக்கு நாற்பத்தொரு பேர் வேண்டும்,
நாற்பது பேர் இருக்கிறார்கள், என்றும் சொன்னது.
கணக்கில் அது தப்பே செய்யாது.
வில்மாரின் நாற்காலியை என் உயரத்துக்கு இறக்கி
ஹெட்செட்டை மாட்டினேன்.
அங்கே பட்டப்பகல்.
ஒஹாயோவில் யாருக்கோ
ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.