படியெடுத்தவன் கணக்கு

பக்கத்துக்கு மூன்று காசு.
இசைக்கு அல்ல, என் கைக்கு.
பதினாறு வயது வாவ்ரினெட்ஸ் எழுத எழுத
மை காயுமுன் பறித்துப் படியெடுத்தேன்.

ஒரே அங்கம். காணாமல்போன ஓர் ஆடு,
அதைத் தேடும் பெண், அவளைத் தேடும் ஒருவன்.
ஓலொமோட்ஸ் ஊருக்கு இது போதும்.
செலவு, பீர் ஆலை முதலாளி டோபியாஷுடையது.
நிபந்தனை ஒன்றுதான்:
நடுப்பாட்டில் புல்லாங்குழல் அவர் ஊதுவார்.

அவருக்கு வருவது ஐந்து சுரம்.
ஆறாவதைத் தொட்டால் ஆலை நாய்கள் எழுந்துவிடும்.

பையன் இரண்டு இரவு தூங்கவில்லை.
மூன்றாம் நாள் கொண்டுவந்த தாளில்
குழலுக்கு அந்த ஐந்தே.
மற்ற வாத்தியங்கள்தாம்
அடியில் நிலத்தை நகர்த்திக்கொண்டிருந்தன.
அதே சுரம் ஒருமுறை கேலி செய்தது,
மறுமுறை, ஏனென்று தெரியவில்லை,
தொண்டை அடைத்தது எனக்கு.
கோடு வளைந்து ஒரு பக்கம் பாழ்.
மூன்று காசு நட்டம்.

முளைகட்டிய பார்லி காயும் கொட்டகையில் அரங்கேற்றம்.
அபொலேனா ஆட்டைக் கூவி அழைத்து நிறுத்தினாள்.
டோபியாஷ் குழலை உதட்டில் வைத்தார்.
ஊதவில்லை.
பிடில்காரர்கள் வில்லைத் தூக்கியபடி.
எங்கோ மெழுகு சொட்டியது.
பிறகு, வெறும் மூச்சுப்போல, முதல் சுரம்.

மறுநாள் பையன் மூலப்பிரதியைக் கேட்டு வாங்கி
அந்த இடத்தில் ஓர் அமைதிக்குறி போட்டான்,
அதன் தலையில் நீட்டல் குறி.
எல்லாப் படிகளிலும் சேர்க்கச் சொன்னான்.

ஒன்பது படி. ஒன்றும் ஒலிக்காத இடத்துக்கு
என்ன கூலி கேட்பது?
டோபியாஷ் ஒரு பீப்பாய் அனுப்பியிருந்தார்.
வாங்கிக்கொண்டேன்.