விற்காத கட்டு

ஒச்சம்மா கையை நீட்டும்போதே
சிறுகீரை வாசம் மேசைக்கு வந்துவிடும்.
முழங்கை மடிப்பில் நரம்பு தேடி
நீல மூடிக் குழாயில் ரத்தம் பிடிப்பேன்.
வெளியே பனகல் சாலையில் ஆம்புலன்ஸ் கத்தும்.
அது ஓய்ந்த இடைவெளியில் கேட்கும்
அவள் நெஞ்சுக்குள் உலோக வால்வு,
டிக், டிக் என்று
யாரோ இருட்டில் சில்லறை எண்ணுவது மாதிரி.

மூன்றை ஒட்டி நிற்க வேண்டிய எண் அது.
ஐப்பசியில் ஒன்றரை.
சித்திரையில் ஐந்து,
பல் விளக்கினால் ஈறெல்லாம் சிவப்பு.
வைகாசியில் மறுபடி இரண்டுக்குக் கீழே.
"மாத்திரையை ஒழுங்கா போடுறியாம்மா?"
அவள் பதில் பேசாமல்
ரப்பர் பேண்டு போட்ட காலி அட்டைகளை எடுத்து
டாக்டர் முன்னால் வைத்தாள்.
ஒரு குழியில்கூட மிச்சமில்லை.

அரை மாத்திரை கூட்டினார்.
அரை மாத்திரை குறைத்தார்.
எண் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே
பேச்சுவாக்கில் நான்தான் கேட்டேன்,
இந்த வாரம் வீட்டில் என்ன சமையல் என்று.
"கீரைதான் தாயி."
போன மாசம்?
"திருவிழால்ல. எல்லாம் வித்துப்போச்சு.
வெறும் ரசம்."

தேனூரிலிருந்து முதல் பஸ்ஸில் எண்பது கட்டு.
எஸ்.எஸ். காலனியில் ஆறு தெரு.
அமாவாசை வந்தால் பசுவுக்கென்று அகத்தி பறக்கும்.
அழகர் இறங்கும் வாரம்
வீடு கொள்ளாத விருந்தாளி,
பத்து மணிக்கே கூடை காலி.
மழை பிடித்தால் கதவு திறக்காது.
வைகாசியில் பாதி வீடு பூட்டு,
லீவுக்குக் கொடைக்கானல்.
பொழுது சாய்ந்தபின் யார் வாங்குவார்?
ராத்திரி கீரை ஆகாது, ஊருக்கே தெரியும்.
அவள் அடுப்புக்கு மட்டும் ஆகும்.
வாடிய கட்டைக் கொட்டவா முடியும்?
மூன்று கட்டு, ஐந்து கட்டு,
பருப்பில்லாமல் கடைந்து
விடிந்தாலும் அதே சட்டி.

உறையாதே என்கிறது மாத்திரை.
உறை என்கிறது கீரை.
நடுவில் அந்த வால்வு
இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டு.

பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கிப் பார்த்தேன்.
எண் ஏறிய மாதம் அவளுக்கு நல்ல மாதம்.
இறங்கினால் நஷ்டம்.
மூன்று வருஷமாக
ஒரு கீரைக்கூடையின் வரவுசெலவை
நீல மூடி போட்டு
லேபுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார்.
"கீரையை நிறுத்தக் கூடாதும்மா.
தினம் ஒரே அளவு. அவ்வளவுதான்."
"தினம் ஒரே அளவு..."
என்று அவள் இழுத்தாள்.
"எனக்குத் தினம் ஒரே அளவுல
என்ன சார் இருக்கு?"

நான் குனிந்து சீட்டு எழுதினேன்.
காலையில் தைராய்டு மாத்திரை போட்ட வாயோடு
காபியையும் ஊற்றிக்கொண்டு வந்தவள் நான்.
மாதச் சம்பளம், மணி பார்க்கக் கடிகாரம்,
எல்லாம் இருந்தும்
அரைமணி நேரம் பொறுக்கவில்லை.

ஆடியில் வந்தாள்.
இரண்டு புள்ளி ஒன்பது.
என்ன செய்தாய் என்றேன்.
"கூடை கட்டுறப்பவே முதல் போணி நான்தான்.
ஒரு கட்டை எடுத்து வச்சுட்டு
பத்து ரூவாயச் சுருக்குப்பையில போட்டுக்குவேன்.
கடன் சொல்றதில்ல."
அப்ப விற்காத கட்டு?
"பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்கு."

வாசல் தாண்டியவள் நின்று திரும்பினாள்.
"மழைன்னா அஞ்சு கட்டு, திருவிழான்னா ஒண்ணுமில்ல,
அதும் பாடு இப்ப ஏறுக்குமாறாத்தான் ஓடுது.
ஆட்டுக்கு எம்புட்டு தாயி இருக்கணும்?"